பனிச்சரிவில் 71.4: போன் காட்டிய வேகமும் நாங்கள் அளந்த வேகமும்

போன மாதம், அதாவது 2009 மார்ச் இரண்டாவது வாரம், ஒரு நாள் லீவு போட்டு அபுதாபிக்கு மேற்கே இருக்கும் எண்ணெய் ஊரான ருவைஸிலிருந்து துபாய் போய் வந்தேன். வெள்ளி, சனியோடு சேர்த்து மூன்று நாள். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. என் நண்பன் டார்வினின் வேலை போகிற நிலையில் இருந்தது. அதற்குக் காரணம் அவன் போனில் பதிவாகியிருந்த ஒரே ஒரு எண். மணிக்கு 71.4 கிலோமீட்டர்.

டார்வினும் நானும் நாகர்கோவிலில் ஒரே பாலிடெக்னிக்கில் படித்தவர்கள். அவன் குளச்சல் பக்கம், மீன்பிடிக் குடும்பம். நான் இங்கே ருவைஸில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன். குழாயில் ஓடும் எண்ணெயின் வேகத்தையும் அழுத்தத்தையும் காட்டும் கருவிகள் உண்மை சொல்கின்றனவா என்று பார்ப்பதுதான் என் டூட்டி. அவன் துபாயில் ஒரு மாலுக்குள் இருக்கும் பனிச்சறுக்கு அரங்கத்தில் வேலை பார்க்கிறான். எந்த மால், எந்த அரங்கம் என்று சொல்லப்போவதில்லை. ஏன் என்று படித்தால் புரியும். ஏசி ஹெல்ப்பராகச் சேர்ந்தவன், ஒரே வருடத்தில் பனிச்சறுக்கு கற்றுக்கொண்டு, விழுந்தவர்களைத் தூக்கிவிடும் சரிவு டூட்டிக்கு மாறிவிட்டான். அதற்கு முன் அவன் பனிக்கட்டியைப் பார்த்ததே மீன் பெட்டியில்தான்.

பிப்ரவரி கடைசியில் அந்தச் சரிவில் ஒரு விபத்து. டார்வின் இறங்கி வரும்போது ஒரு பெண் மீது மோதிவிட்டான். எகிப்துக்காரர், பள்ளி ஆசிரியை, பனியில் அன்றுதான் முதல் நாள். அவருக்குக் காறையெலும்பு முறிந்துவிட்டது. கூட்டம் இருக்கும்போது ஊழியர்கள் நிதானமாகத்தான் வர வேண்டும் என்பது அங்கே விதி. நிதானமாகத்தான் வந்தேன் என்று இவன் சொல்லியிருக்கிறான். ஆனால் இவன் கையில் கட்டியிருந்த போனில் பனிச்சறுக்கு வேகத்தைக் காட்டும் ஆப் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. மேனேஜர் அதை வாங்கிப் பார்த்தார். காலை 11:42. அதிகபட்ச வேகம் 71.4. விபத்து நடந்ததும் அதே 11:42.

"வேலை போனா விசாவ கேன்சல் அடிச்சு ஊருக்கு அனுப்பிருவாங்க மக்கா. ஞாயித்துக்கெழம முடிவு சொல்லுதேன்னு சொல்லிருக்காரு" என்று போனில் சொன்னான்.  

"அவ்ளோ வேகத்துல நான் போகல்ல. எனக்க காலுக்குத் தெரியாதா? ஆனா ராத்திரி படுத்தா அந்த நம்பர்தான் வருது. ஒரு வேள போயிருப்பேனோ?"

அந்தக் கேள்விதான் என்னைக் கிளப்பியது. உள்ளரங்கில் ஜிபிஎஸ் எப்படி 71 காட்டும் என்று எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். மேனேஜரிடம் பேசி ஒரு சோதனைக்கு அனுமதி வாங்கு என்றேன். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி, அரங்கம் திறப்பதற்கு முன், ஒரு மணி நேரம் கிடைத்தது. மேனேஜர் தானும் வந்து நிற்பதாகச் சொல்லியிருந்தார்.

வியாழன் காலை ஆறு மணிக்கு ருவைஸில் பேருந்து ஏறினேன். அபுதாபிக்கு 240 கிலோமீட்டர், 25 திர்ஹம். மார்ச்சில் இந்தப் பாதையில் போகிறவர்கள் ஒன்றைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்: காலைப் பனிமூட்டம். அன்று சாலையே இல்லை. முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்குகூட பத்தடிக்கு வந்தபிறகுதான் தெரிந்தது. பேருந்தில் இருந்த முப்பது பேரும் பேச்சை நிறுத்திவிட்டோம். டிரைவர் கண்ணாடியோடு முகத்தை ஒட்டி ஓட்டினார். கண்ணாடிக்கு வெளியே வெறும் வெள்ளை. நாம் நகர்கிறோமா நிற்கிறோமா என்றே உடம்புக்குத் தெரியவில்லை.

என் போனிலும் அதே ஆப்பைப் போட்டிருந்தேன். ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தேன். 38 என்றது. எழுந்து போய் டிரைவரின் மீட்டரை எட்டிப் பார்த்தேன். நாற்பதுக்குச் சற்றுக் கீழே முள் நின்றது. தர்யிஃப் என்ற ஊரைத் தாண்டி மூட்டம் விலகியதும் வண்டி நூறைத் தொட்டது. போன் 97 என்றது. பேருந்து மீட்டர்கள் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும் என்பதால் போன் சரி என்றே எழுதிக்கொண்டேன். ஆக, போனில் குறையில்லை. ஆப்பிலும் குறையில்லை. வானம் திறந்திருந்தால்.

அபுதாபி சேர 9:40. அங்கிருந்து துபாய் குபைபா நிலையத்துக்கு 15 திர்ஹம், இரண்டு மணி நேரம். பிறகு நகரப் பேருந்தில், தொழிலாளர் கேம்ப்புகள் இருக்கும் சோனாப்பூர். ஒரு மணிக்கு டார்வினின் கேம்ப் அறைக்குப் போய்ச் சேர்ந்தேன். எட்டுப் பேர் அறை. எல்லோரும் டூட்டிக்குப் போயிருந்தார்கள். அவன் மட்டும் கீழ்க் கட்டிலில், திரையை இழுத்து மூடிக்கொண்டு, இருட்டில் போன் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பத்து நாளாகச் சரியாகத் தூங்காத முகம்.

"வாலே" என்றான். எழுந்திருக்கவில்லை. போனை நீட்டினான். "பாரு. நீயே பாரு."

எல்லோரும் அந்த எண்ணை மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். நான் அதற்குக் கீழே இருந்த வரைபடத்தைத் திறந்தேன். சறுக்கிய பாதையை ஆப் சிவப்புக் கோடாக வரைந்திருக்கும். அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோடு அரங்கத்துக்குள் தொடங்குகிறது. கொஞ்ச தூரம் கீழே வருகிறது. பிறகு பக்கச் சுவருக்குள் நுழைந்து வெளியேறுகிறது. கார் நிறுத்துமிடத்தைக் கடக்கிறது. சாலையைக் கடக்கிறது. ஒரு காலி மனையில் போய் நின்று, அங்கேயே சின்னதாக இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, அதே வழியில் திரும்பி வந்து அரங்கத்துக்குள் நுழைகிறது. சுவரிலிருந்து அந்த இடம் அறுநூறு மீட்டர் இருக்கும். 71.4 என்ற குறி விழுந்திருந்தது அரங்கத்துக்குள் இல்லை. அந்தக் காலி மனையின் நடுவில்.

"லேய், நீ செவுத்துக்குள்ள பூந்து ரோட்ட தாண்டிப் போயிருக்க" என்றேன். சிரிப்பான் என்று நினைத்தேன்.

"அங்க என்ன இருக்கு?" என்று கேட்டான்.

வெள்ளி காலை 7:50. மாலின் பின்பக்க ஊழியர் வாசல். உள்ளே போவதற்கு ஜாக்கெட், பூட்ஸ் கொடுத்தார்கள். (பொதுமக்களுக்கு அப்போது இரண்டு மணி நேர டிக்கெட் 150 திர்ஹம். ஜாக்கெட், பேன்ட், பூட்ஸ் அதில் அடக்கம். கையுறையும் குல்லாவும் தனி.) இரண்டு கதவுகள். முதல் கதவு மூடிய பிறகுதான் அடுத்தது திறக்கும். அதைத் தாண்டியதும் மைனஸ் இரண்டு டிகிரி.

கூட்டத்தோடு போனவர்கள் யாருக்கும் அந்த இடத்தை அப்படித் தெரிந்திருக்காது. பாட்டு இல்லை. பாதி விளக்குகள்தான் எரிந்தன. அந்த நீலநிற வெளிச்சத்தில் சரிவு மேலே ஏறி, ஒரு வளைவில் திரும்பி, கண்ணுக்குத் தெரியாமல் போனது. பனி தூவும் இயந்திரங்களை அப்போதுதான் நிறுத்தியிருந்தார்கள். புகை மாதிரி ஒரு மூட்டம் இடுப்பளவில் மிதந்துகொண்டிருந்தது. நாற்காலி லிஃப்ட் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஆளில்லாத நாற்காலிகள் ஒவ்வொன்றாக மேலிருந்து மூட்டத்துக்குள் இறங்கி வந்து, கீழே திரும்பி, மறுபடி மேலே போயின. ஒவ்வொரு தூணைக் கடக்கும்போதும் டக், டக் என்று ஒரு சத்தம். அது தவிர எங்கேயோ கம்ப்ரசர் உறுமுவது மட்டும். வெளியே அந்நேரம் 24 டிகிரி வெயில் என்பதை நம்பவே முடியவில்லை.

மேனேஜர் ஸ்காட்லாந்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். கை கொடுத்தார், சிரிக்கவில்லை. கூடவே பனிப் பராமரிப்பு ஷிஃப்ட்டின் தாப்பா, நேபாளி. நால்வரும் விபத்து நடந்த இடத்துக்கு ஏறினோம். பாதிச் சரிவில் லிஃப்டில் ஏறி இறங்க ஒரு சின்ன நிலையம் இருக்கிறது. அதற்கு முப்பது மீட்டர் கீழே.

மேனேஜர் நேராக விஷயத்துக்கு வந்தார். "வரைபடம் தவறு என்று எனக்கும் தெரிகிறது. கோடு இடம் மாறலாம். ஆனால் வேகம் வேகம்தானே? உச்சியிலிருந்து நேராக விட்டால் இந்தச் சரிவில் அறுபது, எழுபது போக முடியும். நானே போயிருக்கிறேன்."

நியாயமான கேள்வி. நான் விளக்கினேன். போனுக்கு வேகம் தனியாகத் தெரியாது. இந்த நொடி எங்கே இருக்கிறோம், அடுத்த நொடி எங்கே இருக்கிறோம் என்று செயற்கைக்கோள் சிக்னலை வைத்துக் கணக்குப் போடுகிறது. இந்தக் கூரை முழுக்க இரும்புத் தகடு. நேரான சிக்னல் உள்ளே வராது. எதிலாவது பட்டுத் தெறித்து வரும் கொஞ்சம்தான் கிடைக்கும். அதை நம்பி, ஒரே நொடியில் இருபது மீட்டர் தள்ளிவிட்டோம் என்று போன் தப்பாக நினைத்தால், அது மணிக்கு 72 கிலோமீட்டர். இடம் பொய் என்றால் வேகமும் பொய்தான்.

"காட்டுங்கள்" என்றார்.

எங்கள் வேலையில் எந்த மீட்டரைச் சோதித்தாலும் முதலில் பார்ப்பது பூஜ்யம். ஒன்றும் ஓடாதபோது அது என்ன காட்டுகிறது? தாப்பா ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து பனியில் அழுத்தி நட்டார். டார்வினின் போனையும் என் போனையும் அதன்மேல் அருகருகே வைத்து, இரண்டிலும் ஆப்பை ஓடவிட்டேன். யாரும் தொடக்கூடாது. பத்து நிமிடம்.

முதல் இரண்டு நிமிடம் ஒன்றுமில்லை. சிக்னல் தேடுகிறது என்றது. பிறகு டார்வினின் போனில் வேகம் 3 ஆனது. 9. 0. 22. நான்கு பேரும் நாற்காலியைச் சுற்றிக் குனிந்து நின்றோம். எங்கள் மூச்சுக்காற்று திரையை மறைத்தது, துடைக்கவும் பயம். 41. என் போனும் கிளம்பியது. 17. 35. அசையாத நாற்காலியில் அசையாமல் கிடக்கும் இரண்டு போன்கள், யாரோ எடுத்துக்கொண்டு ஓடுவதுபோல எண்களைக் காட்டிக்கொண்டிருந்தன. மேலே ஆளில்லாத நாற்காலிகள் போய்க்கொண்டேயிருந்தன.

மேனேஜர் கையுறையைக் கழற்றி நாற்காலியின் முதுகைத் தொட்டுப் பார்த்தார். அது நிஜமாகவே நிற்கிறதா என்று பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன்.

பத்து நிமிட முடிவில் டார்வினின் போன்: தூரம் 1.9 கிலோமீட்டர், அதிகபட்ச வேகம் 64. என் போன்: 1.6 கிலோமீட்டர், 58. இதுவரை நான் எதிர்பார்த்ததுதான். வரைபடத்தில் இருந்ததை எதிர்பார்க்கவில்லை. இரண்டு கோடுகளும் ஒரே பக்கச் சுவர் வழியாக வெளியேறியிருந்தன. கார் நிறுத்துமிடம், சாலை, காலி மனை. இரண்டும் அங்கே போய்ச் சுற்றிவிட்டுத் திரும்பியிருந்தன. டார்வினின் பழைய கோடு போன அதே இடம்.

தாப்பா ஓரடி பின்னால் போனார். "பாய், அங்க யாரு இருக்கா?" என்று இந்தியில் கேட்டார்.

"யாருமில்ல பாய். ஒரே கூரை, ஒரே ஓட்டை. சிக்னல் தெறிக்கிற வழியும் ஒண்ணு. அதனால தப்பும் ஒரே மாதிரி வருது" என்றேன். அது உண்மைதான். ஒரே சூழ்நிலையில் ஒரே பிழை திரும்பத் திரும்ப வருவதை ஆலையில் வாரத்துக்கு ஒரு முறையாவது பார்க்கிறேன். ஆனாலும் என் குரல் எனக்கே கொஞ்சம் சத்தமாகக் கேட்டது.

அடுத்து நிஜ வேகம். விபத்துக்கு முன் டார்வின் அந்தப் பாதி நிலையத்தில் நின்று, ஒருவருக்குக் கழன்ற சறுக்குப் பலகையை மாட்டிவிட்டிருக்கிறான். கேமராவில் அது இருக்கிறது. (மோதிய இடம் தூணுக்குப் பின்னால், கேமராவில் விழவில்லை.) ஆகவே நின்ற நிலையிலிருந்து கிளம்பி முப்பது மீட்டரில் எவ்வளவு வேகம் எடுக்க முடியும் என்பதுதான் கேள்வி. டேப்பால் அளந்து, கடைசிப் பத்து மீட்டருக்கு இரண்டு கம்பு நட்டோம். எனக்கு ஒரு ஸ்டாப்வாட்ச், மேனேஜருக்கு ஒன்று.

டார்வின் பலகையை மாட்டிக்கொண்டு நிலையத்தில் நின்றான். பத்து நாளுக்குப் பிறகு முதல் தடவை. 

"திருப்பாதே, பிரேக் போடாதே. முடிந்த மட்டும் வேகமாக வா" என்று மேனேஜர் கத்தினார்.

மூன்று முறை வந்தான். பத்து மீட்டரைக் கடக்க 1.31, 1.28, 1.34 நொடி. மேனேஜரின் கடிகாரமும் ஏறக்குறைய அதேதான். மணிக்கு 27.5, 28.1, 26.9 கிலோமீட்டர். விரல் அழுத்துவதில் 0.2 நொடி பிசகினாலும் 34-ஐத் தாண்டாது. 71 என்றால் அரை நொடியில் கடந்திருக்க வேண்டும். கையில் கட்டியிருந்த போன் அந்த மூன்று ஓட்டங்களுக்கும் காட்டியது 12, 0, 63.

மேனேஜர் தாளில் எல்லாவற்றையும் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டார். "வெளியே திறந்த வெளியில் இதே போன் சரியாகக் காட்டுகிறது என்று நிரூபித்துக் கொண்டுவாருங்கள். அதுவும் இருந்தால் வேகக் குற்றச்சாட்டை எடுத்துவிடுவேன். நாளைக் காலை பத்து மணிக்கு."

வெளியே வந்து ஒரு சாயா குடித்தோம். டார்வின் சந்தோஷப்படுவான் என்று பார்த்தேன். கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குடிக்காமல் இருந்தான்.

மதியம் ஹத்தா சாலையில் இருக்கும் சிவப்பு மணல் மேட்டுக்குப் போனோம். சோனாப்பூரிலிருந்து ஏறக்குறைய 55 கிலோமீட்டர். அரை நாளுக்கு டாக்ஸி 200 திர்ஹம் பேசினோம். டிரைவர் பெஷாவர்க்காரர். மணல் பலகை அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும், 50 திர்ஹம். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மேல் நான்கு சக்கர மோட்டார் சைக்கிள் கூட்டம் வந்துவிடும், அதற்குள் போய்விடுங்கள். அங்கும் அதே முறை: முதலில் பூஜ்யம். மணலில் பத்து நிமிடம் வைத்தோம். 0, 0, 1, 0. பத்து மீட்டர் அளந்து டார்வின் நான்கு முறை இறங்கினான். ஸ்டாப்வாட்ச் 19 என்றால் போன் 18. 23 என்றால் 24. கோடும் மேட்டின் மேலேயே ஒழுங்காகக் கிடந்தது. ஒரே ஒரு முறை அவன் கவிழ்ந்து விழுந்தபோது மட்டும் 47 என்று ஒரு துள்ளல்.

"கித்னா ஸ்பீட், பாய்?" என்று வேகம் எவ்வளவு எனக் கேட்டு டிரைவர் எட்டிப் பார்த்தார். சொன்னேன். "என் டாக்ஸியே இதைவிட மெதுவாகப் போகுமே டேரா நெரிசலில்" என்று சிரித்தார். அன்று முழுக்க நாங்கள் கேட்ட ஒரே சிரிப்பு அதுதான்.

திரும்பும் வழியில், மால் நெருங்கும்போது, டார்வின் பின்சீட்டிலிருந்து சொன்னான். "அந்த எடத்துக்குப் போவோம் மக்கா."

"எதுக்குடே? அங்க ஒண்ணும் கெடையாது."

"பாக்கணும்."

ஐந்து மணி. வெயில் சாய்ந்திருந்தது. டாக்ஸியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு இறங்கினோம். காலி மனை என்று வரைபடத்தில் இருந்தது காலியாக இல்லை. கார்கள். முப்பது, நாற்பது இருக்கும். வரிசையாகவும் இல்லை, தாறுமாறாகவும் இல்லை. நிறுத்திவிட்டுப் போய் யாரும் திரும்பி வராத கார்கள். வேலை போய், கடனைக் கட்ட முடியாமல், வண்டியை விட்டுவிட்டு விமானம் ஏறியவர்களைப் பற்றி இந்த வருடம் எல்லோரும் பேசிக்கொள்கிறோமே, அந்தக் கார்கள். விரலளவு தூசி. கண்ணாடியில் யாரோ விரலால் எழுதிய பெயர்கள், போன் எண்கள். ஒன்றில் குழந்தை உட்காரும் இருக்கை, அதில் ஒரு தொப்பி. இன்னொன்றில் சாவி அப்படியே தொங்கியது. காற்று இல்லை. அவ்வளவு பெரிய சாலை பக்கத்தில் இருந்தும் சத்தம் தூரத்திலிருந்து வருவது போலிருந்தது.

டார்வின் போனைக் கையில் வைத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்து நடந்தான். திறந்த வானம், அதனால் இப்போது போன் துல்லியமாக இடத்தைக் காட்டியது. இரண்டு கார்களுக்கு நடுவே போய் நின்றான். 71.4 குறி விழுந்த இடம். அவன் நின்ற இடத்தில் மணல் சுத்தமாக இருந்தது. அவன் காலடியைத் தவிர வேறு ஒன்றுகூட இல்லை. வேகம் பூஜ்யம் என்றது போன்.

நான் டாக்ஸியைத் திரும்பிப் பார்த்தேன். டிரைவர் இறங்கவே இல்லை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"போவோம்டே" என்றேன்.

அவன் அசையவில்லை. "நான் இதத்தான் பாத்துட்டு இருந்தேன்" என்றான்.

"எத?"

"போன. எறங்கும்போது. நெலையத்துல ஒருத்தருக்குப் பலக மாட்டிவிட்டேன் இல்லியா, கெளம்பி வரும்போது, எவ்ளோன்னு பாப்போம்னு கையத் தூக்கிப் பாத்தேன். நம்பர் ஏறிட்டே போச்சு. அம்பது, அறுபது. நான் மெதுவாத்தான் போறேன், இது என்ன இப்பிடி ஏறுதுன்னு பாத்துட்டே இருந்தேன். எழுவத்தொண்ணு வந்துச்சு. தல தூக்குனேன், அவங்க முன்னால நிக்கிறாங்க."

 என் பையில் மேனேஜரின் கையெழுத்தோடு அந்தத் தாள் இருந்தது. 27.5, 28.1, 26.9. எல்லாம் உண்மை.

"இத யார்ட்டயும் சொன்னியா?"

"இல்ல. வேகம் பொய்னு ஆயிட்டா நான் தப்பிச்சிருவேன்னு நெனச்சேன். ஆயிட்டுது. ஆனா ஒண்ணும் மாறல மக்கா."

சத்தியமாகச் சொல்கிறேன், வாயை மூடிக்கொண்டிரு என்று சொல்லத்தான் எனக்குத் தோன்றியது. ஊரில் அவன் அனுப்பும் பணத்தில் மூன்று பேர் சாப்பிடுகிறார்கள். கேமராவில் விழாத இடம். கேட்க யாருமில்லை. டாக்ஸியில் ஏறும் வரை அதைச் சொல்ல நான்கு முறை வாயைத் திறந்தேன். முடியவில்லை. அந்தக் கார்களைக் கடந்து நடக்கும்போது இரண்டு பேரும் தூசிக் கண்ணாடிகளைப் பார்க்காமலே நடந்தோம்.

சனி காலை பத்து மணிக்கு மேனேஜரின் அறை. மணல் மேட்டு அளவுகளை நான் கொடுத்தேன். அவர் படித்தார், தலையசைத்தார், பேனாவை எடுத்தார். அப்போது டார்வின் ஆங்கிலத்தில், திக்கித் திக்கி, எல்லாவற்றையும் சொன்னான். கையைத் தூக்கியதை, திரையைப் பார்த்ததை, தலை நிமிரும்போது அந்த ஆசிரியை முன்னால் நின்றதை.

மேனேஜர் தாளைத் தட்டிக் காட்டினார். "இந்தத் தாளே போதுமாக இருந்ததே. ஏன் சொன்னாய்?"

"அந்த டீச்சர் என்னைக் கேட்டால் நான் என்ன சொல்வேன் சார்?"

பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு, எங்களை வெளியே இருக்கச் சொன்னார். இருபது நிமிடம். எனக்கு 12:30 பேருந்து. டார்வின் சுவரில் சாய்ந்து கண்ணை மூடி நின்றான். பத்து நாளுக்குப் பிறகு அவன் முகத்தில் தூக்கம் வந்ததை அங்கேதான் பார்த்தேன்.

முடிவு இதுதான்: வேகக் குற்றச்சாட்டு இல்லை. கவனக்குறைவுக்கு எழுத்து மூலமான எச்சரிக்கை. சரிவு டூட்டியிலிருந்து நீக்கி, ஜாக்கெட், பூட்ஸ் கொடுக்கும் கவுன்ட்டருக்கு மாற்றம். சரிவில் இறங்கும் ஊழியர் யாரும் இனி போன் வைத்திருக்கக்கூடாது என்று புது விதி. வேலை போகவில்லை. அடுத்த வாரம் டார்வின் அந்த ஆசிரியையைப் போய்ப் பார்த்திருக்கிறான். மன்னித்தாரா என்று கேட்டேன். "சாயா தந்தாங்க" என்றான். அதற்குமேல் நானும் கேட்கவில்லை.

இனி, போகத் திட்டமிட்டிருப்பவர்களுக்கு. உள்ளரங்கப் பனிச்சரிவில் எந்த போன் ஆப் காட்டும் வேகத்தையும் நம்பாதீர்கள். நண்பர்களிடம் பெருமையடிக்கக்கூட அது உதவாது. சந்தேகம் இருந்தால் போனைப் பத்து நிமிடம் அசையாமல் வைத்துப் பாருங்கள், அதுவே உண்மையைச் சொல்லிவிடும். ஐரோப்பா, காஷ்மீர் என்று திறந்த மலைக்குப் போகிறவர்களுக்கு: வானம் நன்றாகத் தெரிந்தால் நாங்கள் பார்த்த அளவில் ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் அதிகபட்ச வேகம் என்று வரும் ஒற்றை எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள், ஒரு துள்ளல் போதும் அதைக் கெடுக்க. கோட்டையும் சேர்த்துப் பாருங்கள். கோடு சுவருக்குள் போனால் எண்ணைத் தூக்கிப் போடுங்கள். நிஜ வேகம் வேண்டுமென்றால் இரண்டு கம்பு, ஒரு டேப், ஒரு ஸ்டாப்வாட்ச்.

அந்தக் கார்கள் நிற்கும் மனைக்குப் போக வேண்டாம். பார்க்க ஒன்றுமில்லை. ஏன் எல்லாக் கோடும் அங்கேயே போனது என்பதற்கு நான் சொன்ன விளக்கம் சரியானதுதான். இன்னொரு முறை போய்ச் சோதிக்கச் சொன்னால் போகமாட்டேன்.

டார்வின் இப்போது கவுன்ட்டரில் ஜாக்கெட்டை நீட்டும்போது ஒவ்வொருவரிடமும் ஒரே விஷயத்தைச் சொல்கிறானாம்: போனை உள்பாக்கெட்டில் வைத்து ஜிப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். ஏன் என்று சிலர் கேட்பார்கள். நனைந்துவிடும் என்கிறான்.